கப்பலிறங்கியும் வீடு வராத வாரம்

என் பிள்ளைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட்ட கை காய்வதற்குள் இருவரும் வந்து "அப்பா, பேப்பர்ல என்ன?" என்று உட்கார்ந்தீர்கள். நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனேன். விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது, உங்களைக் காணோம். சொல்லாமல் விட்டதை எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்தி. பிரிக்பீல்ட்ஸில் எனக்குப் பேப்பர் வாசித்துச் சொல்கிறவர் நம் சவரக்கடைக்காரர்தான். ஒரு தலையைப் பாதி வெட்டிவிட்டுப் பேப்பரை எடுத்தாரானால், அந்தத் தலைக்காரர் அப்படியே காத்திருக்க வேண்டியதுதான். இந்த வாரம் வாசித்தது ஆகாய விமானத்தைப் பற்றி. இந்தியாவிலிருந்து தபால் மூட்டை இனிமேல் ஆகாயத்தில் வரப்போகிறதாம். போகப் போக ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வருமாம்.

"ஏறுவீங்களாண்ணே?" என்று என்னைக் கேட்டார்.

"சிக்னல் கம்பத்துல ஏறி எறங்கவே முட்டி கழண்டு போவுது. இதுல ஆகாசத்துக்கு வேறயா?" என்றேன்.

"கம்பத்துல ஏறினா ஒங்களுக்குச் சம்பளம் குடுக்குறான். அதுல ஏறினா ஒங்ககிட்டல்ல காசு கேப்பான்" என்றார், பாதித் தலையோடு இருந்தவர்.

இன்னொரு செய்தி பேப்பரில் வராதது. ஸ்டேஷன் யார்டில் சிக்னல் விளக்குகளுக்கு மின்சாரம் போடப்போகிறார்கள் என்று பேச்சு. விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, திரி கத்தரித்து, கண்ணாடி துடைத்து, தோளில் மாட்டிக்கொண்டு கம்பம் கம்பமாக ஏறுகிறவன் உங்கள் அப்பா. மின்சாரம் வந்தால் எனக்கு என்ன வேலை என்று ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிற கிராணியைக் கேட்டேன். "வரட்டும்யா, பார்க்கலாம்" என்றார். வேலை போய்விடுமோ என்ற பயம் அப்புறந்தான் வந்தது. அந்த ஏணிகளில் இனி ஏற வேண்டாமே என்பதுதான் முதலில் தோன்றியது. அவ்வளவு அலுப்பு.

விமானத்தைப் பற்றிச் சொன்னபோது பெரியவளே, நீ ஒன்று கேட்டாய். "நாம வந்த கப்பல் எப்படிப்பா இருந்திச்சு? எனக்கு ஒரு கம்பி வேலி மட்டுந்தான் ஞாபகம் இருக்கு." அதற்குப் பதில் சொல்லத் தொடங்கித்தான் தூங்கினேன். கப்பலைப் பற்றி அம்மாவைக் கேள். கம்பி வேலியை நான் சொல்கிறேன்.

உன் அம்மாவை ஊரில் விட்டுவிட்டு நான் இந்த ரயில்வே வேலைக்கு வந்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். தம்பி வயிற்றில் இருந்தான். உங்களை அழைத்துக்கொள்ள எனக்கு வீடு கிடைத்தபோது தம்பி நடக்கத் தொடங்கிவிட்டான் என்று கடிதம் வந்தது. நான் அவனைப் பார்த்ததே இல்லை.

கப்பல் கிள்ளானுக்கு அப்பால் உள்ள துறைமுகத்துக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, ரயில்வே பாஸில் ஓடினேன். கப்பலின் திறந்த மேல்தட்டான டெக்கில் வந்தவர்களை அப்போது நேராக வீட்டுக்கு விட மாட்டார்கள். நோய் நொடி இல்லை என்று தெரிகிறவரை முகாமில் வைத்திருப்பார்கள். எல்லாருக்கும் அம்மை குத்துவார்கள். குத்தின இடத்தில் கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பினால்தான் குத்தினது பிடித்தது என்று கணக்கு.

முகாமுக்கு இரண்டு வேலி. நடுவில் ஒரு வண்டி போகிற அளவு இடம். நாங்கள் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். என் பக்கத்தில் நின்றவர் தன் மனைவியிடம் "ஆடு என்னா ஆச்சு?" என்று கத்த, உன் அம்மா என்னைப் பார்த்து "நல்லா இருக்காங்க, ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்று பதில் சொன்னாள். அவள் சொன்னது என் அம்மாவை.

"என்னாங்க இப்படிக் கறுத்துப் போயிட்டீங்க?"

"புகையிலயும் மண்ணெண்ணெயிலயும் கெடக்குறவன் பின்ன எப்படி இருப்பான்? நீ மட்டும் என்னா, கப்பல்ல சுண்ணாம்பு பூசிக்கிட்டா வந்தே?"

அவள் சிரித்துக்கொண்டே தம்பியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "பாத்துக்கோங்க ஒங்க மவன!" அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. அவனுடைய மேல் கையில் மஞ்சள் பளீரென்று தெரிந்தது. பிள்ளைக்கு மஞ்சள் பூசிக் கொண்டுவந்திருக்கிறாள், நல்ல நேரத்தில்தான் பார்க்கிறேன் என்று எனக்குச் சந்தோஷம். அந்த மஞ்சள் என்ன செய்யப்போகிறது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

நீ அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றாய். உன்னைச் சிரிக்க வைக்க நான் மீசையை முறுக்கிக் காட்டினேன். எனக்கு அப்போது பெரிய மீசை. இரண்டு பக்கமும் எண்ணெய் போட்டு மேலே ஏற்றிவிட்டிருப்பேன். ரயில்வே கொடுத்த லைன் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்தால் கைகொட்டும். நீ அழ ஆரம்பித்தாய். அதற்குள் வாசல் காவல் பார்க்கிற ஜாகா "பாலேக், பாலேக்" என்று எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரத்தின் நடுவில், வேலை நாளாகப் பார்த்து, உங்களை விடுகிற நாள் வந்தது. ஒரு நாள் லீவுக்கு மேஸ்திரியிடம் நான் நின்ற நிலையை எழுத வேண்டாம். என் விளக்குகளைக் கூட்டாளி ஒருவர் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். விடியற்காலையில் எழுந்து நாலு பேருக்குச் சோறு வடித்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வீட்டைக் கழுவிவிட்டேன். பாசாரில் கமலாப்பழம் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

முகாம் வாசலில் ஆட்கள் மூட்டைகளோடு வெளியே வந்துகொண்டே இருந்தார்கள். ஆட்டுக்காரர் தன் மனைவியோடு போய்விட்டார். நீங்கள் வரவில்லை. கடைசியில் வாசல் காலியாகி, ஜாகா ஒரு கதவைச் சாத்தினார். நான் மறு கதவைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஆபீஸ் வராந்தாவில் இருந்த டிரெசர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். மருந்து போடுகிறவர், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்.

"உம்மட மகனுக்கு எழும்பேல்லை. மனுசிக்கும் எழும்பேல்லை. என்ன பூசினீர் எண்டு கேட்டால், மஞ்சளாம்!"

உன் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவின் அந்த ஓரத்தில் நின்றாள். ஊரை விட்டு வந்த பிறகு அவளை வேலி இல்லாமல் அப்போதுதான் பார்க்கிறேன். "காயம் பட்டா மஞ்சள் வைக்காம பின்ன என்னத்த வைப்பாங்க?" என்றாள். "கீறி வுட்டுட்டாங்க, ரத்தம் கசியுது. வெந்நீர் வச்சுக் கழுவி அரைச்சுப் போட்டேன். ஊர்ல எல்லாருக்கும் ஆறிடுது."

"அதுதானம்மா பிழை. ஆறப்படாது. எழும்ப வேணும்" என்றார் டிரெசர். என்னிடம், "திரும்பக் குத்தியிருக்கு. அடுத்த கிழமை வாரும்" என்றார்.

அடுத்த வாரம் எனக்கு ஏது லீவு? ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து விடுவார்களா? பழப் பையோடு அப்படியே நின்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும். "பெரிய பிள்ளைக்கு வடிவாய் எழும்பியிருக்கு. வேணுமெண்டால் அவளை இண்டைக்கே கூட்டிக்கொண்டு போம்."

உனக்கு மட்டும் எப்படி எழும்பிற்று? உன் அம்மாவைக் கேட்டேன். "இது ஒரு எடத்துல நின்னாத்தானே மஞ்சப் பூச? ஓடி ஓடி ஒளிஞ்சுக்கிச்சு" என்றாள். அடங்காத பிள்ளைக்கு முதலில் வாசல் திறந்தது.

"போம்மா, அப்பாகூடப் போ. ரயில்ல போலாம்" என்றாள் உன் அம்மா.

நீ தூணைக் கட்டிக்கொண்டாய். "இவரு அப்பா இல்ல."

"பின்ன யாரு?"

"மீசைக்காரரு."

டிரெசர் சிரித்தார். மொழி தெரியாத ஜாகாவும் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "கப்பல்ல பிள்ளைங்களப் புடிச்சுத் தலையில மருந்துத் தண்ணி ஊத்துற ஆளுக்கு இதே மாதிரி மீசைங்க. அதான் பயப்படுது. நீங்க பேசாமத் தூக்கிட்டுப் போங்க. ரயிலப் பாத்தா அழுகை நின்னுடும். இங்க இன்னும் ஒரு வாரம் இது என்னாத்துக்குக் கெடக்கணும்?"

தூக்கியிருக்கலாம். நீ எடையே இல்லாத பிள்ளை. ஒரு கையால் தூக்கியிருக்கலாம். கையை நீட்டவும் செய்தேன். நீ கத்தவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மருந்துத் தண்ணீருக்குக் காத்திருக்கிற மாதிரி தலையைக் குனிந்தாய். என் கை தானாகத் திரும்பிவிட்டது.

"இருக்கட்டும். சேர்ந்தே வாங்க" என்றேன்.

"ஒரு நாள் லீவப் போட்டுட்டு வெறுங்கையோட போறீங்களே" என்றாள் உன் அம்மா. திட்டுகிற குரலில்தான் சொன்னாள். பிறகு தம்பியின் முதுகுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பியைத் தொடலாமா என்று டிரெசரைக் கேட்டேன். "கையைத் தொடாதேயும், காலைத் தொடும்" என்றார். தொட்டேன். அவன் உதைத்தான். நல்ல பலம்.

பழப் பையைத் தூணுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது நீ பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாய்.

திரும்பி வருகிற ரயிலில் ஒரே மழை. உட்கார இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன் என்பது பிரிக்பீல்ட்ஸில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கால் கடுத்தபோது. வீட்டைத் திறந்தால் கழுவின தரை இன்னும் ஈரம். சோற்றுப் பானை நிறைய இருந்தது. தட்டில் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். மீதிக்குத் தண்ணீர் ஊற்றி மூடினேன்.

சவரக்கடை திறந்துதான் இருந்தது, ஜன்னலிலிருந்து தெரிந்தது. போகவில்லை. நம்மவன் ஒருவன் மீசையை எடுக்கச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தால் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஊர்ல யாருண்ணே?" என்று கேட்பார். சாவுக்குத்தானே நாம் மீசையை எடுக்கிறோம். நீங்கள் மூவரும் வேலிக்குள் இருக்கிற நாளில் அந்தப் பேச்சு என் காதில் விழ வேண்டாம் என்று நினைத்தேன்.

வேலைப் பையிலிருந்து திரி கத்தரிக்கிற கத்தரிக்கோலை எடுத்தேன். சவுக்காரம் போட்டு இரண்டு முறை கழுவியும் மண்ணெண்ணெய் வாசனை போகவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஜன்னலோரம் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, முதலில் ஒரு பக்கம், பிறகு மறு பக்கம் கத்தரித்தேன். மிச்சத்தைப் பழைய சவரக்கத்தியால் வழித்தேன். மேலுதடு வெள்ளையாக, யாருடையதோ போல இருந்தது. கத்தரிக்கோலைத் துடைத்துத் திரும்பப் பையில் வைத்தேன். காலையில் விளக்குகளுக்கு அது வேண்டும்.