கிடங்கில் புதைத்த மா

வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் சுகாதாரப் பரிசோதகனாக இருந்த காலத்தில் நான் எவர் வீட்டிலும் தேத்தண்ணீர் குடித்ததில்லை. கடைகளைச் சோதிப்பது என் வேலை. புழுத்த பருப்பையும் கலப்பட எண்ணெயையும் பிடிக்கிறவனுக்குத் தங்கள் குசினியிலிருந்து எதையும் கொடுக்க ஆட்கள் தயங்கினார்கள். எனக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. நானே சமைத்து, வானொலிகூட இல்லாத அறையில் தனியே இருந்து சாப்பிடுவேன்.

ஒரு மாரியில் வெள்ளம் வந்து கிளிநொச்சிப் பாதை அறுந்துபோனது. தண்ணீர் வடியத் தொடங்கியதும் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் என்னை அழைத்துப் போய்க் களஞ்சியத்தைக் காட்டினார். நெல்லுக்கு அடிக்கிற பூச்சி மருந்துத் தகரங்கள் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றின் மூடி கழன்றிருந்தது. பக்கத்திலேயே கோதுமை மா மூட்டைகள். அடி மூட்டைகள் களியாகிவிட்டன. மேலே இருந்தவை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன, ஆனால் கிட்டப்போனால் மருந்து நெடி அடித்தது.

மருந்தையும் மாவையும் ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டாமென்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். வேறு இடம் ஏது என்று கேட்டிருந்தார். அதுவும் உண்மைதான். தனி இடம் கட்டித் தரும்படி கட்டளையிட எனக்கு அதிகாரம் இல்லை. கெட்ட பிறகு அழிக்க மட்டும் இருந்தது.

எந்த மூட்டையில் நஞ்சு ஊறியது என்று அங்கே வைத்துச் சொல்ல வழியில்லை. கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கப் பாதையும் இல்லை. எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். ஆழமான குழியாய்க் கிடங்கு வெட்டி மூட்டைகளை இறக்கும்போது சனம் கூடிவிட்டது. மேல் மூட்டைகளையாவது விடும்படி கெஞ்சினார்கள், அரித்து வறுத்தால் மணம் போய்விடும் என்றார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் மட்டும் கெஞ்சவில்லை.

"புதைக்கச் சொல்லுற அரசாங்கம் இதுக்குப் பதிலாய் என்ன தரும் ஐயா?" என்று கேட்டாள்.

மண்ணெண்ணெயை ஊற்றி மூடச் சொன்னேன்.

அன்று பின்னேரம் மனேச்சர் வந்து, ஒரு மூட்டை காலையிலேயே காணாமல் போனதாகச் சொன்னார். வீடு வீடாகப் போனேன். கேட்ட இடமெல்லாம் தெரியாது என்றார்கள். சிலர் முற்றத்தில் நின்ற என்னைப் பார்க்காததுபோல உள்ளே போனார்கள். கடைசியில் அந்தப் பெண்ணின் வீடு. நான் வாய் திறக்கும் முன்பே அவள் மூட்டையை இழுத்துவந்து வாசலில் போட்டாள். வாய் அவிழ்த்திருந்தது.

"பிட்டு அவிக்க அடுப்பு மூட்டினனான். பிறகு கையை மணந்து பார்த்தன். பிள்ளையின்ரை வாயிலை தீத்த மனம் வரேல்லை."

மூட்டையையும் புதைக்க அனுப்பிவிட்டு, அறைக்குப் போய் என்னிடமிருந்த அரிசியை ஒரு பையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் பையைப் பார்த்தாள்.

"அரசாங்கம் தந்ததோ?"

"இல்லை, என்ரை."

"அப்ப வேண்டாம். கொண்டு போங்கோ."

நிவாரண லொறி வரும்வரை ஊர் அவித்த மரவள்ளியோடு இருந்தது. எனக்கு அரிசி இருந்தது. மா முழுக்கப் புதைந்ததால் ஒருவருக்கும் வயிற்றுவலிகூட வரவில்லை. அதனாலேயே அது நல்ல மா என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நான் தடுத்தது எதையென்று காட்ட என்னிடம் ஒரு நோயாளிகூட இல்லை.

உணவுச் சட்டம் இன்னும் கடுமையாக வேண்டுமா, இளக வேண்டுமா என்று இன்றும் வாதாடுகிறார்கள். நஞ்சைப் பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்குகிற கை வெறுங்கையாக வரக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் பூச்சி மருந்துக்குத் தனிக் கொட்டில் போட்டார்கள். மாற்றலாகிப் போன நாளில் வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. பெட்டியைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வயல் வரம்பால் போனேன். களை பிடுங்கிக்கொண்டிருந்தவர்களில் அவளும் இருந்தாள். நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தாள். பிறகு குனிந்துவிட்டாள்.