அம்மா வாங்கச் சொன்ன உள்ளூர்ச் சாமான்

எங்கள் வீட்டில் ‘லோக்கல்’ என்ற சொல்லை இன்றுவரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வந்த விருந்தாளி யாராவது லோக்கல் கோழி, லோக்கல் கொய்யா என்று தெரியாமல் சொல்லிவிட்டால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அப்பா மிச்சமிருக்கும் ஒரு கண்ணால் டிவியைப் பார்ப்பார். நான் விருந்தாளிக்கு இன்னும் இரண்டு முறுக்கு எடுத்து வைப்பேன். என்ன செய்ய, யாராவது ஏதாவது செய்தாக வேண்டுமே.

அப்போது எனக்குப் பத்து வயது. மலேசியாவில் சாஆ டவுனுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பழுது பார்ப்பார். ஸ்பானா, சுத்தியல், ஜாக்கி எல்லாமே தோட்டத்துச் சாமான். காலையில் கையெழுத்துப் போட்டு வாங்கி, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். திடீரென்று ஒரு நாள் பட்டறையை மூடிப் பழுது வேலையை வெளியாளுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த மனிதரிடம் மிஞ்சியது நகக்கண்ணில் இருந்த கறுப்பு எண்ணெய் மட்டும்தான். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆபீஸிலிருந்து ஆள் வேறு வந்துவிட்டுப் போனான்.

சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, பெர்மாஸ் ஜெயாவில் இருந்தார். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருவார். அந்தப் பாலத்தையே தான்தான் கட்டிக் கொடுத்ததுபோல் பேசுவார். ஆனாலும் அவர்தான் தன் வீட்டுக்குப் பக்கத்து லாரிப் பட்டறையில் அப்பாவுக்கு வேலைக்குச் சொல்லி வைத்தார். அதை நான் மறுக்க மாட்டேன். அங்கே ஒரே ஒரு நிபந்தனை. மெக்கானிக் அவனவன் சொந்தச் சாமானோடு வர வேண்டும். வெறுங்கையோடு வருகிறவனுக்கு லாரி கழுவுகிற வேலைதான்.

சிங்கப்பூரில் செகண்ட் ஹேண்ட் ஜெர்மன் சாமான் கிடைக்கும், பேரன் காலம் வரைக்கும் உழைக்கும் என்றார் சித்தப்பா. விலையைக் கேட்டதும் அம்மா குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்தக் காசுக்கு நம்ம நாட்டுல செஞ்சதே புதுசா மூணு பெட்டி வாங்கலாம் தம்பி. இவரு கழட்டப் போறதும் நம்ம நாட்டு லாரியைத்தானே?”

“லோக்கலா? சரி அண்ணி, உங்க இஷ்டம் லா” என்றார் சித்தப்பா. அந்த ‘உங்க இஷ்டம்’ பின்னால் எத்தனை தடவை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

தோட்டத்துப் பெண்கள் பத்துப் பேர் மாதாமாதம் சேர்ந்து போட்டு, முறை வைத்து எடுக்கிற கூத்துப் பணத்தை அம்மா கெஞ்சிக் கூத்தாடி முன்கூட்டியே எடுத்தார். மூன்று பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் சாஆ டவுனுக்குப் போனோம், நான் நடுவில். இரும்புச் சாமான் கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒரு பெட்டியைத் திறந்து காட்டி, “இனி கித்தா புஞ்ஞா” என்றார். இது நம்முடையது என்று அர்த்தம். ஒவ்வொரு ஸ்பானாவின் முதுகிலும் மலேசியா என்று பொறித்திருந்தது.

அப்பா பளபளப்புக்கு மயங்குகிற ஆள் இல்லை. ஸ்பானாவின் வாயை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். பதினேழாம் நம்பரை வெளியே எடுத்துப் போய்த் தன் வண்டியின் பின்சக்கர நட்டில் மாட்டி, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. தவுக்கேயின் வண்டி, பக்கத்துக் கடை வண்டி என்று அங்கே நின்ற அத்தனை வண்டி நட்டுகளிலும் மாட்டிப் பார்த்துவிட்டார். அம்மாவுக்கு ஒரே வெட்கம். லாரிக்குச் சின்ன நம்பர்கள் தேவைப்படாது என்று அப்பா அவற்றை ஒதுக்கிவிட்டுப் பெரிய நம்பர்களாகப் பொறுக்கினார். கடைசியில் ஒரு ராச்செட். ஒரு பக்கம் இழுத்தால் நட்டைத் திருப்பும், மறுபக்கம் விட்டால் டிக் டிக் என்று சும்மா சுற்றும் கைப்பிடி. கடையை விட்டுக் கிளம்பும்வரை நான் அதைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

இறுகிப்போன நட்டை அசைக்கப் பவர் பார் என்ற நீளமான கம்பியும் வேண்டும் என்றார் தவுக்கே. அம்மா அப்பாவைப் பார்த்தார். “அது இல்லாம வேலை நடக்காதாங்க?” நடக்கும், அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்றார் அப்பா. அடுத்த மாதம் வீட்டு முன்பணம் கட்ட வேண்டி வந்தது, அதற்கடுத்த மாதம் என் பள்ளி மாற்றம் வந்தது.

பெர்மாஸ் ஜெயாவில் நாலாவது மாடியில் ஒரு வீடு. தொடக்கத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மூன்று மாதத்தில் ஒரு ஸ்பானாகூட வாய் விரியவில்லை. “ஒன் லோக்கல் சாமான் சோடை போகல, புள்ள” என்று ஒரு நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அம்மா அவருக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தார்.

அப்புறம் புரட்டாசி வந்தது, ஆயுத பூசை வந்தது. அப்பா டூல் பாக்ஸை மோட்டார் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். தோட்டத்துச் சாமானுக்குத் தோட்டத்திலேயே பூசை நடந்துவிடும். சொந்தச் சாமானுக்கு எங்கள் வீட்டில் நடந்த முதல் பூசை இதுதான். அம்மா பழைய சேலையை விரித்து எல்லாவற்றையும் அடுக்கி, சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். ஒன்றுகூட விடாமல் பொட்டு வை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய நம்பரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தேன். ராச்செட் என் செல்லம். அதற்கு மட்டும் ஒரு பொட்டு போதுமா? அதன் தலையில் பல்சக்கரத்தைச் சுற்றி ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதில் சந்தனத்தை விரலால் அப்பி, உள்ளே போகட்டும் என்று சுற்றினேன். சுற்றச் சுற்ற டிக் டிக் சத்தம் அடங்கி, அப்புறம் கேட்கவே இல்லை. சாமிக்கு முன்னால் அடக்கமாக இருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“போதும்டி. அதுக்கு என்ன கல்யாணமா பண்ணி வைக்கப் போற?”

மறுநாள் விஜயதசமி. பொட்டு வைத்த சாமானை உடனே துடைக்கக் கூடாது, வேலை செய்யச் செய்யத் தானாகப் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா சாவகாசமாகக் கும்பிட்டுக் கிளம்புவதாக இருந்தார். அதற்குள் பட்டறையிலிருந்து போன். சரக்கோடு ஒரு லாரி நிற்கிறது, சீக்கிரம் வா என்று. அப்பா சாமானை அப்படியே பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்.

மத்தியானம் பட்டறை ஆள் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அப்பா லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, இறுகிப்போன கியர்பாக்ஸ் நட்டு ஒன்றை ராச்செட்டால் பலங்கொண்ட மட்டும் முகத்துக்கு நேராக இழுத்திருக்கிறார். ராச்செட் பிடிக்காமல் வழுக்கிவிட்டது. இரும்புக் கைப்பிடி வந்த வேகத்தில் இடது கண்ணில் இறங்கிவிட்டது. அம்மா ஒரு காலில் மட்டும் செருப்போடு நாலு மாடியும் இறங்கினார்.

கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாளே சொல்லிவிட்டார்கள். நான் அழுதேன். அப்பாவின் கண்ணுக்காக அழுதேனா, கட்டுப் போட்ட அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து அழுதேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

டூல் பாக்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ராச்செட்டை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்று சித்தப்பா போனில் கத்தினார், சாயங்காலம் வருவதாகவும் சொன்னார். அன்று மத்தியானம் நான் பள்ளி விட்டு வந்தபோது அம்மா குளியலறையில் குந்தியிருந்தார். ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய். ராச்செட்டின் பின்மூடியைக் கழற்றி வைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தார். தரையில் மஞ்சள் மஞ்சளாக ஓடியது. என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார். சாமிப் பொட்டோடு சாமானைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கக் கூடாதே, அதனால் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் சோறு போட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

சித்தப்பா வந்து மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அழுக்கில்லை, தூசியில்லை, புதுசு மாதிரி இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு. அப்புறம் எப்படி வழுக்கும்? இரும்பே மட்டம், அண்ணி. நான்தான் அன்னைக்கே சொன்னேனே. உங்க இஷ்டம்னு விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

“ஆமா தம்பி. நான்தான் வாங்கச் சொன்னேன்” என்றார் அம்மா.

அதோடு அது முடிவாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரர்கள், தீபாவளிக்கு வந்தவர்கள், அத்தை, அத்தையின் சம்பந்தி வரைக்கும் அம்மாவின் சிக்கனத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள். பவர் பார் வேண்டாம் என்றதும் அம்மாதான் என்று கதை வளர்ந்தது. அப்பா மறுக்கவில்லை. அவர் அந்த நாளைப் பற்றியே பேசுவதில்லை. லாரிப் பட்டறை அவரை மறுபடி எடுக்கவில்லை. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் ஜாகா என்கிற காவலாளி வேலைக்குப் போனார். சட்டைப் பையில் விசிலோடு வாசலில் உட்கார்ந்து, வருகிற கார்களுக்குத் தடைக்கம்பைத் தூக்கிவிட்டார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்து, கிடைத்த ஓவர்டைம் எல்லாம் செய்தார்.

போன வருஷம் என் காரைப் பழுதுக்கு விட்டிருந்தேன். அங்கே ஒரு தமிழ்ப் பையன் ராச்செட் ஒன்றைத் திறந்து வைத்து, மண்ணெண்ணெயில் பிரஷை முக்கித் தேய்த்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று சும்மா கேட்டேன். “உள்ள ஏதாச்சும் போய் இறுகிட்டா பல்லு முழுசாப் பிடிக்காது அக்கா. பிடிச்ச மாதிரியே இருக்கும், வலிச்சு இழுத்தா வழுக்கிடும். எத்தனை பேருக்கு மூஞ்சி போயிருக்கு தெரியுமா?” என்றான். அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, அம்மா அன்று கழுவியது பொட்டை இல்லை. என் விரல் அப்பிய சந்தனத்தை, வேறு யார் கண்ணிலும் படுவதற்குள் கழுவியிருக்கிறார். என் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்றுதான் கதவைச் சாத்தியிருக்கிறார்.

அம்மாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை. ஏனென்றால் அந்த டயர் மேல் உட்கார்ந்திருந்தபோது இன்னொரு நாளும் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் வைத்திருந்த மாதிரி ஒரு போன் கேட்டிருந்தேன். அம்மா வேறு ஏதோ மலிவான ஒன்றை வாங்கி வந்தார். பெட்டியைப் பிரித்ததுமே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“நீங்க எதையும் மலிவாத்தான் வாங்குவீங்க. அப்படி வாங்கித்தானே அப்பா கண்ணு போச்சு?”

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தார். உதடு ஒரு தடவை அசைந்தது. “ஆமாம்மா. என் தப்புதான்” என்று சொல்லிவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தார். அடுத்த சம்பளத்தில் நான் கேட்ட போனையே வாங்கிக் கொடுத்தார்.

அம்மாவிடம் பதில் இல்லை என்றுதான் நான் அன்று நினைத்தேன். சண்டையில் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அந்தப் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.