எலுமிச்சம்பழத்தின் விட்டம்

தொண்ணூற்றொன்றில் எனக்கு இருபத்துமூன்று வயது. ஒரு 386 கம்ப்யூட்டரைத் தனியாகத் திறந்து மூடத் தெரியும். அதனால் உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று ஒரு நினைப்பு. தாம்பரத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையில் ஒரே பெண்ணாக வேலை பார்த்தேன். விற்றதோடு கைகழுவிவிடாத கடை என்று பெயர் வாங்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அந்த ஆசைக்காக என்னைத்தான் பஸ் ஏற்றி அனுப்பிக்கொண்டே இருப்பார்.

பாதி நாள் ஒரகடம்தான். இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில் அப்போது தகரக்கூரை போட்ட பட்டறை ஒன்று இருந்தது. அதன் இரண்டு பக்கமும் கல் நட்டு விற்பனைக்கு விட்ட மனைகள், அவற்றில் மேயும் மாடுகள். பட்டறையில் லாரி பிரேக்குக்குள் போகும் ‘பின்’களை லேத்தில் கடைந்தார்கள். விரல் மொத்தத்துக்கு ஒரு இரும்புத் துண்டு, விட்டம் பன்னிரண்டு மில்லிமீட்டர். கொஞ்சம் பருத்தால் மாட்டாது, கொஞ்சம் இளைத்தால் லாரி நிற்காது.

அந்தப் பின்களை அளந்து, முத்திரை போட்டு அனுப்ப ஒரு பெண் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம். மூன்று வருஷமாகத் தற்காலிகம். அந்தத் தீபாவளிக்குள் பெர்மனென்ட் லிஸ்ட் போடப்போகிறார்கள், அதில் அவள் பெயர் உண்டு என்று பட்டறை முழுக்கப் பேச்சு. அவளுடைய அப்பாவுக்குக் கால் முடியாமல் போய், வீடே இவள் தலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் ஒருநாளும் புலம்பலாகச் சொன்னதில்லை. சாப்பாட்டு வேளையில் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அப்பளத்தை உடைத்தாள்.

அளப்பதற்கு ஒரு இரும்புப் பெட்டி உண்டு. அதன் ஊசி பின்னைத் தொட்டுப் பார்க்கும். பெட்டியிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குள் சொருகியிருக்கும் கார்டுக்கு, அதாவது அட்டைக்கு, போகும். என் புரோகிராம் அட்டையிலிருந்து அளவைப் படித்துத் திரையில் போட்டு, சரி என்றால் ஒரு பீப் கொடுக்கும். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அப்புறம் பட்டறை மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர், சிக்கனம். லட்சம் கொடுத்து வாங்கிய மெஷின் பின்னை மட்டும் அளந்துகொண்டு உட்கார்ந்திருப்பது அவர் கண்ணை உறுத்தியது. அதே மெஷினில் சரக்கு அனுப்பும் சீட்டும் அடிக்க முடியுமா என்றார். முடியும் சார் என்றேன். முடியாது என்ற வார்த்தையை நான் அப்போது படித்திருக்கவில்லை.

ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் இருப்பதாகப் பாசாங்கு காட்டும் புரோகிராம்கள் அப்போது புதுசு. இன்றைக்குப் பிள்ளைகள் ஹைப்பர்வைசர் என்று அலட்சியமாகச் சொல்வதன் சின்னத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை மேஸ்திரி என்றுதான் சொல்வேன். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கதவு எண் உண்டு. பெரும்பாலான கதவுகளுக்குப் பின்னால் வெறும் நினைவகம்தான்; போட்டதை வைத்திருக்கும், கேட்டால் திருப்பித் தரும். சில எண்களுக்குப் பின்னால் மட்டும் ஒரு கருவி உட்கார்ந்திருக்கும். ஒன்றில் எழுதினால் திரையில் எழுத்து வரும். இன்னொன்றைப் படித்தால் அளவுப் பெட்டி அந்த நொடியில் சொல்வது வரும்.

மேஸ்திரியின் கீழே வேலை செய்யும் ஒவ்வொரு புரோகிராமும் முழு மெஷினும் தனக்கே என்று நம்பிக்கொண்டிருக்கும். அது எந்தக் கதவைத் தட்டினாலும், அதை எங்கே திருப்பிவிடுவது என்று மேஸ்திரியிடம் ஒரு பட்டியல் இருக்கும். வெறும் நினைவகம் என்றால் எந்த இடத்தைக் கொடுத்தாலும் ஒன்றுதான். திரை என்றால் ஆளுக்கு ஒரு போலித் திரையைக் கொடுத்துவிட்டு, முன்னால் நிற்பவருக்கு மட்டும் நிஜத்தைக் காட்டலாம். அளவுப் பெட்டிக்கு அந்தச் சமாளிப்பு ஆகாது. நிஜமான அட்டைக்கு நேராக வழி விட்டே ஆக வேண்டும். மேஸ்திரி வழி விட்டது. ஒரு பக்கம் அளவு, ஒரு பக்கம் சீட்டு. மேனேஜர் எனக்கு மோர் கொடுத்தார். தலைகால் புரியாமல் பஸ் ஏறினேன்.

பத்து நாள் கழித்து ஆயுதபூஜை வந்தது. மறுநாள் விஜயதசமி, எனக்கு லீவு. தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு போனில் அழைப்பு. ஒரகடத்தில் செக்கிங் நின்றுவிட்டது, அவசரச் சரக்கு, உடனே வா. ஈரத் தலையோடும் எரிச்சலோடும் போய் இறங்கினேன். பட்டறையில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். லேத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டருக்கு மாலையே போட்டிருந்தார்கள். செக்கிங் மேஜையில் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் டெம்போக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

“கடைசி நம்பர் ஆடவே இல்லக்கா,” என்றாள். “எந்தப் பின்னு வச்சாலும் பன்னெண்டு புள்ளி சைபர் சைபர் சைபர். நான் முத்திரை போட மாட்டேன்.”

எந்த மெஷினாக இருந்தாலும் முதலில் அணைத்துப் போடுவதுதான் எங்கள் தொழிலின் முதல் வைத்தியம். சுவிட்சில் கை வைக்கப் போனேன். மேனேஜர் பதறித் தடுத்துவிட்டார். காலையில் நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டி, அவரே தன் கையால் போட்டது. சாயங்காலம் வரை அணைக்கக்கூடாது. சரி என்று அட்டையைச் சோதிக்கும் புரோகிராமை ஓட்டினேன். அது கதவுகளில் ஆயிரம் எண்களை எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். ஆயிரமும் அட்சரம் பிசகாமல் திரும்பி வந்தன. இரண்டாம் முறையும் வந்தன.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. லீவு போச்சு, தலைமுடி காயவில்லை, மெஷினில் ஒரு குறையும் இல்லை. மெஷின் பட்டுப்போல இருக்கிறது, பின் நன்றாக வந்ததைப் பார்த்து இவங்கதான் பயந்துவிட்டாங்க என்று எல்லோர் முன்னாலும் மேனேஜரிடம் சொன்னேன். கொஞ்சம் சிரித்தேன் என்றும் நினைக்கிறேன். மேனேஜர் சிரிக்கவில்லை. சரக்கை நிறுத்துகிறவளை நான் எப்படி பெர்மனென்ட் பண்ணுவது, லிஸ்டில் உன் பெயர் இருக்காது என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அவள் அழவில்லை. கீபோர்டுக்குப் பக்கத்தில் பூஜைக்கு அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தில் பாதி கிடந்தது. அதை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள். 12.000. பீப். பழத்தை எடுத்துவிட்டு, வெறும் இடத்தை அளக்கச் சொன்னாள். 12.000. பீப்.

“காத்து கூட கரெக்டா கீதுக்கா,” என்றாள்.

காலையில் முதலில் எதைப் போட்டார்கள் என்று கேட்டேன். வழக்கமாக அவள் வந்ததும் பெட்டியைத்தான் போடுவாள். அது சூடாக வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போடுவாள். இன்றைக்கு மேனேஜர் கம்ப்யூட்டரைப் போட்டு, தேங்காய் உடைத்து, எல்லோரும் கும்பிட்ட பிறகுதான் பெட்டிக்கு முறை வந்திருக்கிறது.

அவ்வளவுதான், புரிந்துவிட்டது. மேஸ்திரி எழுந்ததும் முதலில் ஒரு சுற்றுப் போகும். எந்தக் கதவுக்குப் பின்னால் கருவி இருக்கிறது என்று தட்டிப் பார்க்கும். குரல் வராத எண்களை எல்லாம் காலி என்று எடுத்துக்கொண்டு, அங்கே தன் நினைவகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். பெட்டிக்கு மின்சாரம் வராமல் அட்டைக்கு உயிர் கிடையாது. அன்று காலை அது செத்துக் கிடந்த நேரத்தில் மேஸ்திரி தட்டியிருக்கிறது. ஊரில் ஆள் இல்லாத மனையைப் புறம்போக்கு என்று வளைத்துப் போடுவதைப்போல அட்டையின் இடத்தை வளைத்துப் போட்டுவிட்டது. அதற்கப்புறம் பெட்டி எவ்வளவு அளந்து சொன்னாலும் யார் காதிலும் விழாது. அட்டையின் இடத்தில் இருந்தது வெறும் நினைவகம். என் சோதனை எழுதிய ஆயிரத்தையும் அது அழகாகத் திருப்பித் தந்ததே அதனால்தான். என் புரோகிராம் ஒவ்வொரு முறை அளக்கத் தொடங்கும்போதும் அளவு வரவேண்டிய இடத்தில் 12.000 என்று எழுதி வைக்கும். பிறகு இரண்டு நொடி பொறுத்து அங்கே இருப்பதை எடுத்துக்கொள்ளும். புதிதாக அளவு வந்ததா என்று கேட்காது. கேட்கும்படி எழுத எனக்குச் சோம்பல். இந்தக் கதவுகளைத் தொடாதே என்று மேஸ்திரிக்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தாலும் போதும். அதையும் எழுதவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது அவளுடைய வேலையைப் பற்றிய கவலை இல்லை, தப்பிக்கும் யோசனை. சாயங்காலம் மெஷினை அணைத்துப் போட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். வோல்டேஜ் என்று சொல்லிவிடலாம். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பிடித்த குற்றவாளி வோல்டேஜ்தான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை பொய் சொல்லியிருப்பேன்.

மேனேஜர் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன்.

“அப்ப கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சுன்னு சொல்லுதீயளா?” என்றார்.

“இல்ல சார். நான்தான் தப்பா அமைச்சிருக்கேன். அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு.”

கதவு, மேஸ்திரி, புறம்போக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். புறம்போக்கு மட்டும் அவருக்கு உடனே பிடிபட்டது. இப்போதே அணைக்க வேண்டும் என்று சொன்னதும் முகம் சுருங்கியது. எழுந்து வந்து சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். அப்புறம் அணைக்கச் சொன்னார்.

அந்த வரியை எழுதிச் சேர்த்து, பெட்டி ஓடிக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். எலுமிச்சம்பழம் ரிஜெக்ட். காற்றும் ரிஜெக்ட். முதல் பின் 12.003, அடுத்தது 11.998. கடைசி இலக்கம் ஆடுவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மேனேஜரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, லிஸ்டில் உன் பெயர் இருக்கும், சீக்கிரம் அளந்து ஏற்று என்று அவளிடம் சொன்னார். எல்லாம் முடிந்தது என்று பையை எடுத்தேன்.

அவள் எழுந்து நின்றாள். காலையில் முதல் தட்டில் அறுபது பின் இருந்ததாம். பொரி கொடுக்க ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருந்ததில் திரையைப் பார்க்கவில்லையாம், பீப்பை மட்டும் கேட்டு முத்திரை போட்டுவிட்டாளாம். அது முதல் டெம்போவில் போய்விட்டது. தன் தப்புதான் என்றாள். அந்த அறுபதையும் திரும்ப வரவழைக்க வேண்டும் என்றாள்.

மேனேஜருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இப்போதுதான் உன் பெயரை மறுபடி சேர்த்தேன், அதற்குள் பெரிய கம்பெனிக்காரனிடம் என்னைத் தலைகுனிய வைக்கிறாயா, அந்தக் கோபத்தில் லிஸ்ட் என்ன ஆகுமோ எனக்கே தெரியாது என்றார். எனக்கு அவள் காலை மிதிக்க வேண்டும்போல இருந்தது. பைத்தியமே, கிடைத்தது கிடைத்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு இரு. அவள் உட்காரவில்லை. மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் பயப்படாமல் நின்றிருந்தால் நான் பஸ் ஏறிப் போயிருப்பேன். பயந்துகொண்டு நின்றதுதான் என்னைப் போகவிடவில்லை. போன் நான் பண்ணுகிறேன் சார், கம்ப்யூட்டர்க்காரி தப்பு என்றே சொல்கிறேன் என்றேன். மேனேஜர் போனை என் பக்கம் தள்ளினார்.

அந்தக் கம்பெனி ஸ்டோர்ஸ்காரர் என்னை நன்றாகவே கேட்டார். படித்த பெண்ணா நீ என்று ஆரம்பித்தவர் எங்கெங்கோ போய் முடித்தார். நாலு மணிக்குத் தட்டு திரும்பி வந்தது. அவள் ஒவ்வொன்றாக வைத்தாள். மேனேஜரும் நானும் இரண்டு பக்கமும் நின்று பார்த்தோம். இருபது சரி. நாற்பது சரி. அறுபதும் சரி. ஒன்றுகூட தப்பில்லை.

மேனேஜர் இரண்டு கையையும் விரித்தார். “பாத்தியா? அத்தனையும் நல்ல பின்னு. இதுக்கா இம்புட்டுக் கூத்து?”

“காலைல நல்லா கீதுன்னு நமக்குத் தெரியாது சார்,” என்றாள் அவள். “இப்பத்தான் தெரியும்.”

மேனேஜர் ஒரு பின்னை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். அப்புறம் எழுத்தரைக் கூப்பிட்டு, லிஸ்டைக் கொண்டுவரச் சொல்லி, தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பதையெல்லாம் பார்க்காமல் செக்கிங் மேஜையிலேயே வைத்து அவள் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. காலையில் எல்லோர் முன்னாலும் சிரித்தவள் எந்த முகத்தோடு கட்டிக்கொள்வது? பின்களை எடுத்துத் தட்டில் அடுக்க ஆரம்பித்தேன். ஆளுக்கு முப்பது. அவள் தன் முப்பதை அடுக்கிவிட்டு, நான் அடுக்கிய முப்பதை வெளியே எடுத்து, மறுபடி ஒவ்வொன்றாக ஊசிக்குக் கீழே வைத்தாள்.