எண்ணூற்று நாற்பது அடியும் ஒரு பொட்டலம் புற்றுமண்ணும்

சங்கரன்கோவிலுக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. மகளுக்குக் கையில் வந்த கரப்பான் ஆறியதும் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு, ஆறி எட்டு மாதமாகியும் போகாமல் இருந்தேன். தை மாதம் கல்லூரித் தோழி நசீமா போன் செய்தாள். கடையநல்லூர்க்காரி. பூமிக்கு அடியில், பாறை இடுக்கில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்வது அவள் வேலை. குருவிகுளம் பக்கம் ஒரு ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போகிறேன், வேடிக்கை பார்க்க வா என்றாள். சாமி கும்பிட்டது போலவும் ஆயிற்று, சிநேகிதியைப் பார்த்தது போலவும் ஆயிற்று என்று மதுரையிலிருந்து கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் மாலையே வந்து, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினேன். அறை எழுநூறு ரூபாய், வெந்நீர் உண்டு. காலை ஆறே முக்காலுக்குக் கோயில். கூட்டம் இல்லை. கை உரு பொறித்த தகடு வாங்கி உண்டியலில் போட்டு, புற்றுமண் பிரசாதம் நான்கு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். எட்டு பத்துக்குக் குருவிகுளம் பஸ், இருபது ரூபாய். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் ஆட்டோவில், நூற்றிருபது ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன். மண்பாதையில் வண்டியின் உயிர் போகும் என்றார் ஓட்டுநர். போய்ப் பார்த்ததும் அவர் சொன்னது நியாயம் என்று தெரிந்தது.

தோட்டம் சுப்பையா அண்ணாச்சியுடையது. மூன்று ஏக்கர் மக்காச்சோளம், கதிரில் பால் பிடிக்கும் பருவம். அதற்குத் தண்ணீர் கொடுப்பது நூற்றெண்பது அடி போர். அதற்கு நூறு அடி தள்ளி இன்னொரு போர், எண்ணூற்று நாற்பது அடி. அவ்வளவு ஆழம் போட்டும் கிடைத்தது உப்புத் தண்ணீர்தான். ஒன்பது வருடமாக மூடியே கிடக்கிறது. அண்ணாச்சிக்கு அது நட்டம், நசீமாவுக்கு அதுதான் புதையல். வெயிலும் காற்றும் படாத அந்தத் தண்ணீரில், பாறையில் தண்ணீர் பட்டு உண்டாகும் வாயுவைத் தின்றே உயிர்கள் வாழக்கூடுமாம். அவள் பார்த்த மற்ற நான்கு போர்களிலும் மேல்தண்ணீர் கசிந்து கலந்துவிட்டது. மிச்சம் இது ஒன்றுதான். மாதம் முடிந்தால் ஆராய்ச்சிக்கான அனுமதியும் முடிந்துவிடும். அன்று மாலை ரயிலில் ஐஸ் பெட்டி போயாக வேண்டும்.

இனி நான் செய்த காரியம். சங்கரன்கோவில் போய்விட்டு ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவார்களா? அண்ணாச்சியிடம் ஒரு பொட்டலம் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நசீமாவும் நானும் அவள் வந்த வண்டியிலிருந்து குழாய்களை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், நல்ல காரியம் தொடங்குகிறதே என்று மஞ்சள் தண்ணீரில் அந்த மண்ணைக் கரைத்து, கும்பிட்டு, திறந்து வைத்திருந்த போருக்குள் ஊற்றிவிட்டார். ஒரு குடம் நிறைய.

நசீமா திரும்பிப் பார்த்தாள். குழாய் வாயில் மஞ்சள் வழிந்திருந்தது. அவள் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிள்ளு மண்ணில் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும், ஆழத்தில் இருப்பதோ சொற்பம், இனி எது எதென்று எப்படிச் சொல்வது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அண்ணாச்சிக்கு விஷயம் புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"சாமி மண்ணு அழுக்காம்மா?" என்று கேட்டார்.

நசீமா எழுந்தாள். "அழுக்கு இல்ல அண்ணாச்சி. அதுல உசுரு ரொம்ப இருக்கு. எனக்கு அடியில கெடக்க உசுரு மட்டும் தனியா வேணும்."

அவர் சற்று நேரம் சோளத்தைப் பார்த்தார். "ஊத்துனது நானு. எறைச்சுத் தாரதும் நாந்தான். மோட்டாரக் கழத்துதேன்."

நசீமாவிடம் இருந்தது சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் சின்னப் பம்ப். போரை இறைத்துக் காலி செய்ய அதற்குத் திராணி கிடையாது. அண்ணாச்சியிடமோ மோட்டார் ஒன்றுதான், அன்றைக்குச் சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் நாள். வேண்டாம் என்று நாங்கள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கறுப்பு ஹோஸோடு மோட்டாரை மேலே இழுத்து, நசீமா சொன்னபடி மருந்துத் தண்ணீரில் கழுவி, பதினொன்றரைக்கு உப்புப் போரில் இறக்கிவிட்டார்கள். தண்ணீர் ஓடைக்குப் போயிற்று.

முதலில் மஞ்சளாக வந்தது. அதைப் பார்த்ததும்தான் நசீமாவின் முகம் தெளிந்தது. போரில் வேண்டாதது கலந்திருக்கிறதா என்று பார்க்க ஆராய்ச்சிக்காரர்களே சாயம் ஊற்றுவது உண்டாம். அண்ணாச்சி ஊற்றியது வெறும் மண்ணாக இருந்திருந்தால் அது எப்போது வெளியேறியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மஞ்சள் காட்டிக் கொடுக்கும். அரை மணிக்கு ஒருமுறை ஒரு பாட்டில் பிடித்து, கம்பளிக்குள் தலையை விட்டு, கள்ளநோட்டு பார்க்கும் டார்ச் அடித்துப் பார்த்தாள். மஞ்சள் இருந்தால் மினுங்கும். மணி நாலுக்கு மினுக்கம் நின்றது. மீட்டரில் உப்பு ஏறி ஓரிடத்தில் நின்றது, ஆக்சிஜன் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிறகுதான் அவள் தன் மெல்லிய குழாயை அடிவரை இறக்கினாள்.

கிளம்பும்போது, மிச்சமிருந்த புற்றுமண்ணில் ஒரு பொட்டலம் கேட்டாள். கலந்த மண்ணில் என்னென்ன உயிர் உண்டு என்று தெரிந்தால், கணக்கில் அதைக் கழித்துவிடலாம். அண்ணாச்சி என்னிடமிருந்து வாங்கி, தன் கையாலேயே அவளிடம் கொடுத்தார். ஐஸ் பெட்டியில் தண்ணீர்ப் பாட்டிலும் மண் பொட்டலமும் பக்கத்துப் பக்கத்தில் போயின. ஒன்றில் 840 அடி என்று ஒட்டியிருந்தது, மற்றதில் 0 அடி.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: தோட்டத்தில் நிழல் கிடையாது, தொப்பி வேண்டும். குடிக்க மூன்று லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்ப ஆட்டோ கிடைக்காது, வந்தவரிடமே நம்பர் வாங்கிவையுங்கள். ஆராய்ச்சி நடக்கும் இடத்துக்கு என்ன கொண்டுபோவதானாலும் முதலில் கேளுங்கள், பிரசாதமானாலும். சோளம் வாடும் நாளில் யாரோ ஒருத்தியின் வேலைக்காக மோட்டாரைக் கழற்றித் தரும் மனுஷருக்கு எப்படி நன்றி சொல்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. நான் வைத்த வினையை அவர் தீர்த்தார்.

போன வாரம் நசீமா செய்தி அனுப்பியிருந்தாள். மண்ணில் இருந்ததையெல்லாம் கழித்த பிறகும், அடியில் வேறு உயிர்கள் இருக்கின்றன. உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். சோளம் தப்பித்துவிட்டது, ஓரத்தில் கொஞ்சம் மணி சிறுத்ததோடு சரி என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவு ஆழத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறதாம் என்று கேட்டார். பாறையும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து கொடுப்பதுதான், வேறொன்றும் கிடையாது என்றேன்.



"பாறையையும் உப்புத் தண்ணியையும் வச்சுப் பொழைக்குன்னா," என்றார், "அது நம்ம ஊரு ஆளுதாம்மா."