பல்போடு பேசிய கம்பியக்கா

மோட்டார் பட்டறையில் செம்புக்கம்பி சுற்றும் வேலை என்பதால் தெருவுக்கே அவள் கம்பியக்கா. மற்றவர்கள் வேலை முடிந்ததும் கம்பியைத் தலைமுழுகிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவளோ வீட்டுக்கு வந்தும் கம்பிதான் சுற்றுவாள். பாட்டு கேட்கும் ரேடியோவுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே பேசினால் எங்கோ இருப்பவருக்குக் கேட்கும் டிரான்ஸ்மிட்டருக்கு! அதற்கென்று பரீட்சை எழுதி உரிமமும் வாங்கிவிட்டாள். எத்தனையோ உதிரிபாகங்கள் கருகித் தொலைந்தபின் டிரான்ஸ்மிட்டர் பெட்டி ஒருவழியாக உயிர் பெற்றது.

வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், தங்கமான மனுஷன். ஆனால் வேலை மாற்றலாகி வரும் அவருடைய அண்ணன், டிரான்ஸ்மிட்டர் இருக்கும் பின்னறையைக் கேட்டுவிட்டார். இரண்டு பக்கமும் இடி வாங்கிய வீட்டுக்காரர் கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். ஞாயிறு இருட்டுவதற்குள் யாராவது ஒருத்தர் பதில் சொன்னால் அறை அவளுக்கு, இல்லையென்றால் பெட்டி பரண்மேல். வீராப்பாகத் தலையாட்டினாள்.

ஞாயிறு காலையிலிருந்து கூப்பிட்டாள், கூப்பிட்டாள், தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். பக்கத்திலிருந்த ரேடியோவில், இவளைப் போலவே டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்கும் யார் யாரோ அரட்டை அடிப்பது கணீரென்று கேட்டது. இவளைத்தான் ஒரு ஜீவனும் சீண்டவில்லை. கிண்டல் செய்ய வந்த வீட்டுக்காரர் பாவம் பார்த்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மதியம் சாய்ந்தபோது ரேடியோவில் ஒரு குரல் அவளை அழைத்தது.

"உங்க சத்தம் ரொம்ப மெலிசா வருதுங்க. எங்கேருந்து பேசுறீங்க?"

மெலிசாக வருகிறது என்றால் கடல் தாண்டித்தான் போயிருக்கும் என்று பூரித்துப்போய்த் தெருப் பெயரைச் சொன்னாள்.

"அட, நான் உங்க பின்தெரு கண்ணாடிக் கடைக்காரன்தாங்க."

பின்தெருவுக்கே மெலிசாகவா என்று சந்தேகம் தட்ட, பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தாள். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் ஏரியல் கம்பி ஆணியில் சும்மா தொங்கியது. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல்பு. சோதிக்கும்போது சத்தம் வெளியே போகாமலிருக்க இப்படிப் பல்பை மாட்டுவார்கள். நேற்று மாட்டியதைக் கழற்ற மறந்துவிட்டாள். காலையிலிருந்து அவள் பேசியதெல்லாம் பல்பில் வெளிச்சமாக எரிந்து தீர்ந்திருக்கிறது; கசிந்த கொஞ்சநஞ்சம்தான் பின்தெருவை எட்டியிருக்கிறது.

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எப்படியோ ஒருத்தர் பதில் சொல்லிவிட்டாரே, அறை உனக்குத்தான் என்றார். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பின்தெருவுக்கு நான் ஜன்னல்ல நின்னு கத்தினாலே கேட்கும். இது செல்லாது."

கம்பியை மாட்டிவிட்டு மறுபடி கூப்பிட்டாள். அரட்டை அடித்தவர்கள் எல்லாம் அதற்குள் கலைந்து போயிருந்தார்கள். பதில் வராமலே இருட்டிவிட்டது. சொன்ன சொல் சொன்னதுதான் என்று கம்பியைக் கழற்றி, அட்டைப்பெட்டியை எடுத்து வந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்காரர் போனை எடுத்தார்.

"அண்ணே, உனக்கு ஹால்ல கட்டில் போட்டுடறேன். பின்னறை தர முடியாதுண்ணே. அது அவ வேலை பார்க்கிற இடம்."

போனை வைத்துவிட்டு, அவள் கையிலிருந்த அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"கம்பிய மாட்டு. நாளைக்கும் கூப்பிடணும்ல."