அளவுக்கு ஓர் ஆள்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காகச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. நான் கல்வராயன் மலையில் ஒரு பாறையைப் படமெடுக்க வேண்டியிருந்தது. நிலவியல் முதுகலை, இரண்டாம் ஆண்டு. அந்தப் பாறை முழுவதும் ஒரே திசையில் ஓடும் கீறல்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பனியாறு கற்களைச் சுமந்து நகர்ந்தபோது உரசிய தடம் அது என்பது என் ஆய்வேட்டின் வாதம். துறையில் ஆராய்ச்சிக்கு ஓர் இடம்தான் காலியாக இருந்தது. படங்களில் வாதம் நின்றால் அந்த இடம் எனக்கு என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். திங்கள்கிழமை கொடுக்க வேண்டும்.

பஸ் ஓடவில்லை. சித்தப்பா மொபெட்டில் ஏற்றிக்கொண்டு சங்கராபுரத்திலிருந்து ஏரிக்கரை வழியாகச் சுற்றி வந்தார். அடிவாரத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. காவலுக்கு இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும்.

"பாப்பா இன்னா படிக்குது மாமா?"

"கல்லு."

"அதுக்கும் சேத்துதான் சீட்டு கேட்டுக்கினு கீறோம். ஓரமா தள்ளிக்கினு போங்க."

பாறையிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். இரண்டு பக்கமும் செங்குத்தாக இறங்கி, அடியில் மாட்டுத்தொட்டி போல அகன்றிருக்கும்; பனியாறு குடைந்த பள்ளத்தாக்கும் அப்படித்தான் இருக்கும். நோட்டில் எழுதி வைத்திருந்த வரிசைப்படி எடுத்தேன். பள்ளத்தாக்கு, மூன்று. பாறை, சுத்தியலோடு, பத்து. கீறல்கள், அளவுக்குக் காசு வைத்து, பன்னிரண்டு. பாறையின் பருமன் தெரிய ஓர் ஆள் தேவைப்பட்டது. சித்தப்பா மூச்சு வாங்கி நிழலில் படுத்துவிட்டார். விறகுக்கட்டோடு வந்த ஒரு மலைக்காரப் பெண்ணை நிற்கச் சொன்னேன். அம்மா வயது இருக்கும். கட்டை இறக்கிவிட்டு நின்றாள். உயரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளத் தோன்றியது, அவளுக்குத் தெரியவில்லை. டேப்பால் அளந்தேன்.

"தையக்காரன்கூட இப்டி அளக்க மாட்டான்," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

இறங்கி வந்தபோது புளியமரத்தின் முன்னால் ஒரு வேன் நின்றிருந்தது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். காவலுக்கு இருந்தவர்களே மரத்தில் சங்கிலி கட்டி டிராக்டரால் இழுத்தார்கள். வேன் போயிற்று. மரம் நகர்ந்த இடத்தில் தார் மேல் கோடுகள் கிடந்தன. மரத்தின் அடியில் ஜல்லி மாட்டியிருந்தது. எல்லாம் ஒரே திசை. தொடங்கும் இடத்தில் மெலிசு, நடுவில் ஆழம், முடியும் இடத்தில் சட்டென்று நிற்கும் விளிம்பு, பாறையில் பார்த்ததைப் போலவே. உட்கார்ந்து, காசு வைத்து நான்கு படம் எடுத்தேன்.

"ரோட்டையுமா படிக்கிற?" என்றார் சித்தப்பா.

"திரும்ப மேலே போகணும்."

"வூட்டுக்குப் போற நேரத்துல..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து வண்டியைத் திருப்பினார்.

காலையில் பாறையில் நின்ற பெண், வழியிலேயே தன் குடிசை வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். பாறை மேல் மரம் இழுத்தது உண்டா என்று கேட்டேன்.

"மரம் இழுக்குற தடமே அதான். எங்கப்பன் காலத்துல காண்ட்ராக்டு ஆளுங்க சங்கிலி போட்டு, மாடு கட்டி இழுப்பாங்க. வருசம் பூரா. நான் சின்னதுல கூடவே ஓடுவேன்."

"காலையில் சொல்லலையே."

"நிக்கச் சொன்ன, நின்னேன். கல்லப் பத்தி நீ எங்க கேட்ட?"

சித்தப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை; கோபமும் வரவில்லை. கேள்வி சரியாக இருந்தது. ஃபிலிமில் ஆறு படம் மீதி. அவளைத் திரும்பவும் பாறைக்கு அழைத்துப்போய், மரம் எங்கே ஏறியது, எங்கே திரும்பியது, எங்கே கீழே விட்டார்கள் என்று காட்டச் சொன்னேன். கையை நீட்டியபடி, காலால் கீறலைத் தொட்டபடி, ஒவ்வொரு இடத்திலும் நின்றாள். ஆறும் தீர்ந்தது.

திங்கள்கிழமை எல்லாப் படங்களையும் கொடுத்தேன். பேராசிரியர் கீறல் படம் ஒன்றையும் தார்ச்சாலைப் படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இந்தக் கடைசி ஆறு படத்தையும் ரோட்டையும் நீ கொடுக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா."

"ஆமாம் சார்," என்றேன்.

ஆய்வேட்டின் தலைப்பை மாற்றச் சொன்னார். ஆராய்ச்சி இடம் வேறொருவருக்குப் போனது. புதுத் தலைப்பில் பனியாறு இல்லை. தகவல் தந்தவர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுத வேண்டியிருந்தது. அதையும் நான் கேட்டிருக்கவில்லை. மலைப் பக்கம் பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாள் அங்கே போனேன்.