ஐம்பது சொற்களில் விடுபட்டவள்

நான் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியன். மனைவி போனபின் வீட்டில் பேச ஆளில்லை. ராயபுரத்தில் எனக்கிருந்த ஒரே நண்பர் தேவராஜ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவரும் மனைவியை இழந்தவர். மாலைதோறும் கல்மண்டபம் கடையில் இரண்டு தட்டு அத்தோ நூடுல்ஸ் வாங்குவார். ஒன்று மனைவி ரோசியின் பங்கு. அதை எதிரே வைத்திருந்து, ஆறியபின் தானே சாப்பிடுவார். என்னிடம் மட்டுமே சொன்ன விஷயம் இது.

ஒரு பத்திரிகையின் ஐம்பது சொல் கதைப் போட்டிக்கு, அவரிடம் கேட்காமலேயே இதை எழுதினேன். சொற்கள் கூடிவிட்டன. காரணத்தை வாசகர் ஊகிக்கட்டும் என்று, ரோசி வரும் வரியை வெட்டினேன். கதை பரிசு பெற்றது. ஒரு தொப்பைக்காரர் படத்துடன் வெளியானது. அது ஒரு சாப்பாட்டுராமன் கதையாகிவிட்டது என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பெருமையாகக் கடையில் காட்டினேன்.

"இன்னா நைனா, இன்னிக்கி மூணு தட்டா?" என்று கடைக்காரர் தேவராஜிடம் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். தேவராஜ் தட்டைத் தொடாமல் எழுந்தார்.

"என்னைப் பத்தி எழுதினது பரவால்ல வாத்யாரே. அவள ஏன் எடுத்துட்ட?"

அதன்பின் அவர் கடைக்கு வருவதில்லை. நான் தனியாகச் சாப்பிட்டுத் திரும்புகிறேன்.

இப்போது யாரைப் பற்றி எழுதினாலும் முதலில் அந்த ஆளிடமே படித்துக் காட்டுகிறேன். இந்தக் கதையில் இதுவரை எழுதியதைத் தேவராஜ் வீட்டு வாசலில் நின்று படித்தேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை.

"அவ பேரு கீதுல்ல? பத்திரிகைக்கு அனுப்பு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.